என்டெய்ல்: உரிமையை வெட்டிய சொல்

ஒரு செயல் தவிர்க்க முடியாத விளைவுகளையும் தன்னோடு இழுத்து வரும் என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘என்டெய்ல்’ என்றொரு வினைச்சொல் உண்டு. அது வளர்ந்த இடம் இங்கிலாந்தின் நிலச் சட்டம். வெட்டுதல் என்ற பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல்லே அதற்கு வேர். துணி வெட்டும் டெய்லருக்கும் அதே வேர்தான்.

இங்கே வெட்டப்பட்டது நில உரிமை. வாரிசுகள் நிலத்தை அனுபவிக்கலாம், விற்றுவிடக் கூடாது. பெரும்பாலும் ஆண் வழிக்கு மட்டுமே அது போகும். முதலாம் எட்வர்டு காலத்தில், 1285-இல் வந்த சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு வலுவூட்டியது.

ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட ‘பிரைடு அண்ட் பிரிஜுடிஸ்’ நாவலில் பென்னட் குடும்பத்துக்கு ஐந்து பெண்கள். தந்தையின் நிலமோ அவருக்குப்பின் உறவுக்காரரான காலின்ஸுக்குத்தான். அந்தப் பெண்கள் பிறக்கும் முன்பே அவர்களுடைய கதியை ஒரு பத்திரம் முடிவு செய்துவிட்டது. எவ்வளவு பெரிய அநீதி! என்டெய்ல் என்பதன் முழுக் கனமும் அந்த வீட்டில்தான் தெரிகிறது.

சொல் பிறகு அன்றாடப் பேச்சுக்கும் வந்து நிலைத்துவிட்டது. நிலத்தை அப்படிக் கட்டிவைக்கும் வழக்கம் நிலைக்கவில்லை. 1997 முதல் இங்கிலாந்தில் புதிதாக யாரும் அதை உருவாக்க முடியாது.