பெயரும் சாட்சியும்

இறந்துபோன நண்பர் ஒருவரின் மகன் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டான். ஐஎம்டிபி என்கிற சினிமாப் பதிவேட்டில் அப்பாவின் பெயரைச் சேர்க்கப்போகிறானாம். "ஆதாரம் கேக்கறாங்க சித்தப்பா, நீங்கதான் எழுதித் தரணும்" என்றான். எழுபதுகளின் கடைசியில், வடபழனிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கி, பெயர்பெற்ற வசனகர்த்தா ஒருவருக்காக என் நண்பர் ஒரு படத்தில் எழுதினார். படம் நன்றாக ஓடியது. டைட்டிலில் அவர் பெயர் வரவில்லை. பணத்தைக் கையில் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களை அவர் எழுதிய இரவுகளிலேயே நான் வாசித்திருக்கிறேன். பக்கங்கள் இப்போது இல்லை. வசனகர்த்தாவும் இல்லை. மிச்சமிருக்கிற சாட்சி நான் ஒருவன்தான்.

பையன் நிரப்ப நினைத்த கட்டம் 'வசனம்'. எனக்குத் தெரிந்து என் நண்பர் எழுதியவை நான்கு காட்சிகள்.

சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு வாரமாக அந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை. ஒரு படைப்பில் யாருக்கு என்ன பங்கு என்று பதிவுசெய்வது தகவல் தருகிற காரியமா, நியாயம் வழங்குகிற காரியமா? இரண்டும் ஒன்றுதான் என்று இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதிவேட்டை எந்த ஸ்தாபனமும் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. கணினி வழியாக சினிமா பற்றிப் பேசிக்கொண்டிருந்த ரசிகர்கள் சிலர் தொகுத்த பட்டியல்களை, 1990இல் கோல் நீடம் என்ற ஆங்கிலேயர் தேடிப்பார்க்கக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1998இல் அமேசான் அதை வாங்கியது. இன்றும் யார் வேண்டுமானாலும் ஒரு பெயரைச் சேர்க்கவோ திருத்தவோ கோரலாம். கம்பெனி ஆட்கள் பார்த்து ஏற்பார்கள், அல்லது தள்ளுவார்கள். அதன் ஆதார விதி எளிமையானது. திரையில் எழுதியிருப்பதே முதல் சாட்சி. ஒருவர் வேறு பெயரில் வந்திருந்தால் 'இன்ன பெயரில்' என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். வேலை செய்தும் திரையில் பெயர் வராதவரைச் சேர்த்தால் 'பெயர் இடப்படாதது' என்று குறிக்க வேண்டும்.

குமாஸ்தாத்தனமான விதி என்றுதான் முதலில் தோன்றும். எழுதியவனை அடைப்புக்குறியோடு ஓரத்தில் நிறுத்திவிட்டு, எழுதாதவனை நடுவில் உட்காரவைப்பது என்ன நியாயம்? நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை.

1957இல் வந்த 'த ப்ரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்தை எடுத்துக்கொள்ளலாம். திரைக்கதை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் இருவரும். கம்யூனிஸ்டுகள் என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் போட்டவர்களில் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் பெயரைப் போட முடியாது. திரையில் வந்த பெயர் பியர் பூல். அவர் மூல நாவலைப் பிரெஞ்சில் எழுதியவர். திரைக்கதையில் ஒரு வரியும் எழுதாதவர். ஆஸ்கர் விருதும் அவருக்கே போயிற்று. 1984இல்தான் அகாடமி வில்சனுக்கும் ஃபோர்மனுக்கும் விருதை வழங்கியது. அப்போது இருவருமே உயிரோடு இல்லை. பிற்பாடு படத்தைச் செப்பனிட்டபோது டைட்டிலில் அவர்கள் பெயர்களைச் சேர்த்தார்கள். (சயாம் ரயில்பாதையைப் பற்றிய அந்தக் கதையை இலங்கையில் கிதுல்கலவில் படமாக்கினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் கிடையாது. அது வேறு கணக்கு. ஆனாலும் இந்தப் படத்தின் டைட்டிலைப் பற்றிப் பேசும்போது அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

டால்டன் ட்ரம்போ கதையும் இதேதான். 'ரோமன் ஹாலிடே' 1953. கதைக்கான ஆஸ்கரை ட்ரம்போவுக்காகத் தன் பெயரைக் கொடுத்த இயன் மெக்லெலன் ஹண்டர் பெற்றார். 'த ப்ரேவ் ஒன்' படத்துக்கு ராபர்ட் ரிச் என்று ஒரு பெயர். விருது அறிவித்தபோது அப்படி ஒரு எழுத்தாளரே இல்லை. அந்தச் சிலையை 1975இல் ட்ரம்போவிடம் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்தார். 'ரோமன் ஹாலிடே'க்கான சிலை 1993இல் அவர் மனைவியிடம் வந்தது. எழுத்தாளர் சங்கம் அதன் திரைக்கதையில் அவர் பெயரை மீட்டது 2011இல்.

இவையெல்லாம் நடந்தே ஆகவேண்டிய திருத்தங்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்று 'க்வாய்' படத்தை முதல்முறையாகப் பார்க்கிற இளைஞன் வில்சன், ஃபோர்மன் என்ற பெயர்களைப் படித்துவிட்டு, எல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு தேசம் தன் எழுத்தாளர்களின் கருத்துக்காக அவர்கள் பெயரைப் பிடுங்கி, எழுதாதவர் கையில் விருதைக் கொடுத்துக் கைதட்டிய காட்சி அவனுக்குக் கிடைக்காது. பொய் சொன்ன கார்டும் ஒரு ஆவணம். அதைச் சொன்னது யார், எந்த வருஷம் சொன்னார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. திருத்துகிற கை நல்லெண்ணத்தோடு அதைத் துடைக்கும்போது, குற்றம் செய்தவர்களுக்கும் ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது.

பதிப்பாசிரியர்களுக்கு இது புதிதல்ல. உ. வே. சாமிநாதையர் தமக்குச் சரி என்று பட்ட பாடத்தை மேலே வைத்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போடவில்லை. பாடபேதத்தை அடியில் கொடுத்தார். அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் நம் தொகைநூல்களைத் தொகுத்தவர்களுக்கும் இந்தக் கூச்சம் இருந்திருக்கிறது. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எழுதியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கபிலர், பரணர் என்று ஒரு பெரிய பெயரை ஒட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. பாட்டுக்குள் இருந்த சொல்லையே எடுத்து செம்புலப்பெயனீரார் என்றார்கள். அடுத்த பாட்டுக்கு அணிலாடு முன்றிலார். நற்றிணையில் ஒருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். 'பெயர் இடப்படாதது' என்ற குறிப்பை இதைவிட நேர்மையாகவும் அழகாகவும் யாரும் போட்டதில்லை. பிற்காலத்தில் இந்தக் கூச்சம் போய்விட்டது. வைத்தியமோ மாந்திரிகமோ எதுவாக இருந்தாலும் அகத்தியர் தலையில் ஏற்றினோம். ஒரே பெயரில் பலர் இருந்தால் பதிவேட்டுக்காரர்கள் ரோமன் எண்ணால் பிரித்துவைக்கிறார்கள். நம் ஔவையார்களுக்கும் அந்த எண் வாய்த்திருந்தால் இலக்கிய வரலாற்றாசிரியர்களின் பாதிச் சண்டை மிச்சப்பட்டிருக்கும்.

ஆனால் திரையை முதல் சாட்சியாக வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல். திரை யாரை விட்டுவிட்டதோ அவன் வேறு எந்தச் சாட்சியைக் கொண்டுவருவான்?

1993இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தை நம்மில் பலர் 'சந்திரமுகி' வழியாக அறிவார்கள். கங்கா என்ற மலையாளப் பெண்ணும், அவளுக்குள் எழுகிற தஞ்சாவூர் நாட்டியக்காரி நாகவல்லியும் ஆக இரண்டு குரல்கள் ஷோபனாவுக்குத் தேவைப்பட்டன. குரல் கொடுத்தவர் என்று டைட்டிலில் பாக்யலட்சுமியின் பெயர் இருந்தது. ஷோபனா அந்தப் பாத்திரத்துக்கு தேசிய விருது பெற்றார். இருபது வருஷத்துக்கும் மேலாக நாகவல்லியின் குரலுக்கும் பாக்யலட்சுமியையே பாராட்டினார்கள். 2016இல்தான் இயக்குநர் ஃபாஸில் வாய்திறந்தார்: நாகவல்லிக்குப் பேசியது துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞர். பாக்யலட்சுமியே முதலில் இரண்டுக்கும் பேசியதாகவும், பிறகு மாற்றியதை அவரிடம் சொல்ல விட்டுப்போயிற்று என்றும் விளக்கினார்கள். ஆக யாரும் திருடவில்லை. ஒரு மறதி, ஒரு கார்டு. நாம் கேட்டு நடுங்கிய தமிழுக்கு உரியவர் அத்தனை காலமும் பெயரில்லாமல் இருந்தார். 1949இல் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது பாடியவர் பெயர் காமினி என்று அச்சிட்டிருந்தார்கள். காமினி அந்தப் படத்தின் கதாபாத்திரம்; பாடியவர் லதா மங்கேஷ்கர். லதாவுக்கு அதன்பின் பெயர் கிடைத்தது. எல்லாக் குரலும் லதா அல்ல.

துர்காவுக்காகப் பேச ஃபாஸில் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாதபோது 'பெயர் இடப்படாதது' என்ற குறிப்பு ஒரு பின்வாசல். வஞ்சிக்கப்பட்டவன் நுழைய வேறு வழியில்லை. பொய்க்காரனும் அதே வழியில்தான் வருவான். படப்பிடிப்பில் ஒருநாள் டீ குடித்தவன் தன்னை உதவி இயக்குநர் என்று எழுதிக்கொள்ளலாம். வாசலை அடைத்தால் முதலாமவனும் வெளியிலேயே நிற்பான்.

நியாயம் கேட்கப் புறப்படுகிறவர்களையும் முழுக்க நம்ப முடியாது. 'சிடிஸன் கேன்' திரைக்கதையில் ஆர்ஸன் வெல்ஸுக்குப் பங்கு மிகக் குறைவு, பெருமையெல்லாம் ஹெர்மன் மாங்கிவிச்சுக்கே என்று பாலின் கேல் 1971இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்று வழிபட்ட விமர்சகர்களுக்கு எதிராக, மறக்கப்பட்ட எழுத்தாளனுக்காக எழுந்த குரல். திரைக்கதையின் பல வரைவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ராபர்ட் காரிங்கர் வெல்ஸின் பங்கு கணிசமானது என்று பின்னால் காட்டினார். கேலின் வாதம் பிழைபட்டதோடு விஷயம் முடியவில்லை. அந்தக் கட்டுரைக்கான ஆராய்ச்சியில் பெரும்பகுதியைச் செய்திருந்தவர் ஹவர்ட் ஸூபர் என்ற பல்கலைக்கழக ஆசிரியர். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. பெயர் மறுக்கப்பட்டவனுக்காக வாதாடுகிற கட்டுரையிலேயே இது நடந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் கடிதத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. பெயரை வேண்டாம் என்று சொல்லவும் ஒருவனுக்கு உரிமை இருக்கிறதல்லவா? தன் படத்தைத் தயாரிப்பாளர் சிதைத்துவிட்டார் என்று நிரூபித்த அமெரிக்க இயக்குநர் தன் பெயரை எடுத்துவிட்டு ஆலன் ஸ்மிதி என்று போட்டுக்கொள்ள இயக்குநர் சங்கம் அனுமதித்தது. 1969இல் தொடங்கிய பெயர் அது. எல்லோருக்கும் தெரிந்துபோய் மறைக்கவேண்டியதை மறைக்க முடியாமல் ஆனதும் 2000இல் கைவிட்டார்கள். பிபிஸி தொலைக்காட்சியில் டேவிட் ஆக்னியூ என்று ஒரு எழுத்தாளர். 1979இல் 'டாக்டர் ஹூ' தொடரின் ஒரு கதைக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் டக்ளஸ் ஆடம்ஸ். இவற்றைப் பதிவேட்டில் அவிழ்த்துவைப்பதில் பெரிய பாவமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் 2020இல் எலியட் பேஜ் தன்னை அந்தப் பெயரில் அறிவித்த பிறகு, நெட்ஃபிளிக்ஸ் தன்னிடமிருந்த அவர் படங்களின் பட்டியலில் பழைய பெயரை எடுத்துவிட்டது. பழைய கார்டைக் காப்பாற்று என்று மேலே நான் எழுதிய தர்க்கம் இங்கே ஒரு உயிருள்ள மனிதரின் மேல் போய் இடிக்கிறது. ட்ரம்போவின் முகமூடி பிறர் மாட்டியது; அதைக் காட்டினால் மாட்டியவர்கள் அகப்படுவார்கள். இங்கே அகப்படுவது அந்த மனிதர் மட்டும்தான். பழைய பெயர் அவருடைய சொத்து. வைத்துக்கொள்வதா எறிவதா என்று சொல்ல வேண்டியவர் அவர். என் தர்க்கம் இங்கே நின்றுவிடுகிறது. நிற்கட்டும்.

அப்படியானால் என் நண்பரின் மௌனத்தை என்ன செய்வது? நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட அந்தப் படத்தைத் தன்னுடையது என்று அவர் சொன்னதில்லை. தன் சிறுகதைத் தொகுப்பின் பின்னட்டைக் குறிப்பிலும் எழுதவில்லை. அந்த மாதிரிப் படத்தில் பெயர் வராததே நல்லது என்று, சிறுபத்திரிகைக்காரனுக்கு உரிய கர்வத்தோடு விலகி நின்றாரா? கேட்டால் கிடைக்காது என்று விட்டுவிட்டாரா? ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் இரண்டுபேர் அவர் எழுதிய வரி ஒன்றை நடிகரின் குரலிலேயே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார். இதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தால் மட்டும், நான்கு காட்சிகளில் மூன்றாவதான ஆஸ்பத்திரிக் காட்சி நெருங்கும்போது, எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

கடைசியில் எழுதினேன். 'கூடுதல் வசனம், நான்கு காட்சிகள், பெயர் இடப்படாதது' என்று எழுதி, எந்தெந்தக் காட்சி என்று குறித்து, நான் எப்போது எங்கே வாசித்தேன் என்பதையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன். வசனகர்த்தாவின் பெயர் அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றும் கடைசியில் ஒரு வரி. பையன் நேரில் வந்து வாங்கிக்கொண்டான். நின்றபடியே படித்தான்.

"நாலு சீன்தானா சித்தப்பா?"

"எனக்குத் தெரிஞ்சு நாலு."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். காப்பி வேண்டாம் என்று போய்விட்டான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக் காட்சி ஞாபகம் வந்தது. அதில் கிழவர் டாக்டரிடம் சொல்கிற இரண்டு வரி, லாட்ஜ் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது நான் சொன்னது. நண்பர் அப்படியே எழுதிக்கொண்டார். அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை.