யாரும் கலக்காத நஞ்சு

1998இல் டெல்லியில் கடுகெண்ணெய் சாப்பிட்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரம்மதண்டு விதையின் எண்ணெய் அதில் கலந்திருந்தது. கால் வீங்கி, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அங்கே பழி யார்மேல் என்று அறிய அறநூலைப் புரட்ட வேண்டியதில்லை. கலப்படம் செய்தவன்மேல்தான்.

என்னை வெகுகாலமாக விடாமல் பிடித்திருக்கும் கேள்வி வேறு. யாரும் எதையும் கலக்கவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. எண்ணெயைச் சுத்தம் செய்யும் வேலையிலேயே ஒரு நஞ்சு பிறக்கிறது. அது யாருடைய இம்சை?

நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணன். எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்கமாட்டோம். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் தீங்கு வரக்கூடாது என்பது சிறுவயதிலேயே கையில் ஏறிய பழக்கம். பிழைப்புக்குப் போய்ச் சேர்ந்ததோ சமையல் எண்ணெய் ரிஃபைனரி ஒன்றின் ஆய்வகத்துக்கு.

கச்சா பாமாயில் செக்கச்செவேலென்று வரும். பிசினை நீக்கி, பிளீச்சிங் மண்ணைக் கொண்டு நிறத்தை எடுத்து, கடைசியில் டியோடரைசருக்கு அனுப்புவார்கள். அங்கே வெற்றிடத்தில் நீராவி பாயும். 240, 250 டிகிரி செல்சியஸில் வாடையும் அமிலமும் ஆவியாகிப் போகும். அங்கிருந்து வரும் சாம்பிளைக் குடுவையில் எடுத்து, ஆல்கஹால் ஊற்றி, பினாப்தலீன் சில சொட்டு விட்டு, பியூரெட்டைத் திறப்பேன். குலுக்கக் குலுக்க மறையும் இளஞ்சிவப்பு ஒரு கட்டத்தில் மறையாமல் நிற்கும். அந்த அளவைக் குறித்துக் கணக்குப் போட்டால் எஃப்.எஃப்.ஏ., அதாவது எண்ணெயில் மிஞ்சிய கட்டற்ற கொழுப்பு அமிலத்தின் அளவு, தெரிந்துவிடும். 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பிளாண்ட்டுக்குப் போன் போகும். அவர்கள் சூட்டைக் கொஞ்சம் கூட்டுவார்கள்.

அந்தச் சூட்டில்தான் கிளைசிடைல் எஸ்டர் உண்டாகிறது. எண்ணெயில் இயல்பாகவே இருக்கும் டைகிளிசரைடுகள் 230 டிகிரியைத் தாண்டியதும் இப்படி உருமாறுகின்றன. பாமாயிலில் டைகிளிசரைடு அதிகம், அதனால் இதுவும் அதிகம். மண்ணிலிருந்தும் உரத்திலிருந்தும் பழத்துக்குள் போன குளோரின் சேர்ந்தால் 3-எம்சிபிடி எஸ்டர்களும் வரும். கிளைசிடைல் எஸ்டர் நம் குடலில் கிளைசிடாலாகப் பிரிகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2000இலேயே கிளைசிடாலை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவற்றில் வைத்தது. 3-எம்சிபிடி விலங்குச் சோதனைகளில் சிறுநீரகத்தைப் பாதித்தது. 2016இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிளைசிடாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வகுக்கவே இல்லை. புட்டிப்பால் மாவில் சேர்வதும் ரிஃபைன்டு எண்ணெய்தான். அந்த மாவை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைகளுக்கு, கவலைப்படத் தேவையில்லை எனக் கருதும் அளவைப்போல் பத்து மடங்கு வரை போய்ச் சேரலாம் என்று அந்த ஆணையம் எச்சரித்தது.

“நாங்கள் எதையும் சேர்க்கவில்லை.” தொழிலில் இருப்பவர்கள் சொல்லிக் கேட்ட வாதம் இது. பொய்யில்லை. தீங்கு செய்யும் எண்ணம் இல்லாத இடத்தில் பாவமும் இல்லை என்று கொண்டால் வழக்கு அதோடு முடிந்தது. சமணம் அப்படி முடித்துவிடவில்லை. உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுத்தபோது கவனக்குறைவை அதன் நடுவில் வைத்தார். பத்தாம் நூற்றாண்டின் அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் அதை இன்னும் தெளிவாக்கினார். விழிப்போடு இருந்தவன் கைமீறி ஓர் உயிர் போனாலும் அவன்மேல் குற்றமில்லை. அசட்டையாக இருந்தவனால் ஒன்றும் சாகாவிட்டாலும் அவன் இம்சை செய்தவனே என்பது அவர் கட்சி.

இந்த இரண்டாவது பாதிதான் நம் காலத்துக்கு வேண்டியது. இந்த எண்ணெயால் இன்னாருக்குப் புற்றுநோய் வந்தது என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. தீங்கு கோடிப் பேருக்குள் துளித்துளியாகப் பரவியிருக்கிறது. பாதிக்கப்பட்டவரைக் காட்டு என்று கேட்டால் காட்ட ஆள் இல்லை. அதனால் குற்றமும் இல்லை என்று ஆகிவிடுமா? அமிர்தசந்திரர் பிணத்தைத் தேடவில்லை. சூட்டைக் கூட்டிய கை என்ன தெரிந்துகொண்டு கூட்டியது என்று பார்க்கச் சொல்கிறார்.

எண்ணெயில் இந்த எஸ்டர்கள் இருப்பது பேசுபொருளாகாத காலத்தில் ரிஃபைனரியில் நின்றவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். தெரிந்த பிறகு நிலைமை வேறு. 2010க்கும் 2015க்கும் இடையில் பாமாயிலில் கிளைசிடைல் எஸ்டரின் அளவு ஏறக்குறையப் பாதியானதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே பதிவு செய்திருக்கிறது. சட்டம் வருமுன்பே உற்பத்தியாளர்கள் தாமாக எடுத்த நடவடிக்கைகளின் பலன் அது. 2018இல்தான் அங்கே கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என்ற வரம்பு வந்தது. வழிகள் எளியவை: பழத்தை அடிபடாமல் பறித்து உடனே ஆலைக்குக் கொண்டுவருவது, கச்சா எண்ணெயைத் தண்ணீரில் கழுவுவது, சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவது, முடிவில் இன்னொரு முறை பிளீச் செய்வது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் பணம் செலவாகும். அவ்வளவுதான்.

வாங்குகிறவருக்குப் பொறுப்பில்லையா என்று கேட்பார்கள். உண்டு. வள்ளுவர் புலால் மறுத்தலில் தின்பவரையும் கணக்கில் சேர்த்துத்தான் பேசுகிறார். ஆனால் ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் வாங்குகிறவரிடம் போய், செக்கு எண்ணெய் வாங்குங்கள் என்று உபதேசம் செய்வது எனக்கு அறமாகத் தோன்றவில்லை. செக்கிலும் ஆபத்து இல்லாமலில்லை. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்லாடாக்சின் எண்ணெயோடு வரும். தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்குப் பங்கு குறைவு, வால்வைத் திருப்புகிறவருக்கும் கொள்முதல் செய்கிறவருக்கும் அதிகம்.

ஆகவே கேட்க வேண்டியவர்களிடமே கேட்கிறேன். ரேஷனுக்குப் பாமாயில் வாங்கும் டெண்டரில் எஃப்.எஃப்.ஏ.வுக்கும் நிறத்துக்கும் அளவு கேட்பதுபோல், கிளைசிடைல் எஸ்டருக்கும் 3-எம்சிபிடிக்கும் ஒரு வரம்பை எழுதி, ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வறிக்கை கேளுங்கள். ரிஃபைனரியில் இருக்கும் தம்பிகளே, உங்கள் டியோடரைசரின் சூட்டை இந்த வாரமே ஒருமுறை சரிபாருங்கள்.