டி.பி.யும் தூக்கமில்லாத இரவும்

மும்பை தாராவியில் டி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிற தமிழர்கள் 'மனசு சரியில்லை' என்று டாக்டரிடம் சொல்வது அபூர்வம். "நெஞ்சு படபடன்னு வருது", "ராத்திரி பூரா உறக்கமில்ல", "கை காலெல்லாம் ஓஞ்சு வருது", "வாய்க்கு எதுவும் பிடிக்கல" என்பார்கள். இவை நோயின் உபாதையாகவும் இருக்கலாம், மருந்தின் வேலையாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். எது எதுவென்று பிரித்துப் பார்க்க, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும். கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

முதலில் மருந்தைப் பார்ப்போம். சாதாரண டி.பி.க்கு ஆறு மாத மருந்து. மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்றால் கதையே வேறு. தாராவிக்குப் பக்கத்திலேயே, மாஹிமில் இருக்கும் இந்துஜா மருத்துவமனையின் டாக்டர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும், சோதித்த எந்த மருந்துக்கும் மசியாத டி.பி. நோயாளிகளைப் பற்றி எழுதியது 2012-இன் தொடக்கத்தில் உலகச் செய்தியானது. அப்போதெல்லாம் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கு இரண்டு வருஷ வைத்தியம். அதில் பல மாதங்கள் தினமும் ஊசி. சைக்ளோசெரின் என்ற மாத்திரையும் உண்டு. அது மூளை வரை எட்டும். சிலருக்கு அடியாழத்துச் சோர்வு, காரணமில்லாத பயம், குழப்பம், சாக வேண்டும் என்ற நினைப்பு வரை கொண்டுபோய் விடும். குளோஃபாஜிமின் தோலைக் கருக்க வைக்கும். மருந்தை நிறுத்திய பிறகும் பழைய நிறம் திரும்பப் பல மாதங்கள் ஆகும். கல்யாண வயதில் இருக்கும் ஒரு பெண் கண்ணாடியைப் பார்த்து அழுகிறாள் என்றால், "உசிர் பிழைச்சதே பெரிசு, நிறத்துக்கு அழறியா" என்று வாயை அடைப்பது பெரிய கொடுமை. லினெசோலிட் சிலருக்குப் பாதத்தில் எரிச்சலையும் மரப்பையும் கொடுக்கும்.

மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசனுக்கு டி.பி. இரண்டு முறை வந்தது. 2013-இல், இரண்டாம் முறை நடந்த வைத்தியத்தில், ஊசி மருந்தால் அவருடைய கேட்கும் திறன் போனது. பரதநாட்டியம் ஆடுகிறவர் அவர். நோய் தீர்ந்த பிறகும் தன்னைப் பிடித்திருந்த மனச்சோர்வைப் பற்றிப் பொதுவெளியில் வெளிப்படையாகப் பேசினார். மறுபடி மேடையேறி ஆடினார். தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயோடு சேர்ந்து, பெடாக்குலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கக் கூடாது என்று அவர் கொடுத்த ஆட்சேபத்தை இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. காதுக்கு ஆபத்தில்லாத மாத்திரை மலிவாகக் கிடைக்க வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் பேசியதைப் போல நூறு பேர் பேசியிருந்தால் நம் வீடுகளில் எவ்வளவோ மாறியிருக்கும்.

வீட்டுக்குள் நடப்பது இன்னொரு பாரம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே ஒரு பரண், ஆறு பேர். நோய் வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தவறிக்கூட மாறிவிடக் கூடாது என்று டம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. டி.பி. டம்ளரால் பரவாது, இருமும்போது காற்றில் பரவும். வேண்டியது திறந்த ஜன்னலும் முகத்தில் துணியும்தான். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில், பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவும் அபாயமும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அந்தப் பொட்டு வைத்த டம்ளர், சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் தனியாகவே இருக்கிறது. அதில் தண்ணீர் குடிக்கிறவருக்கு வேறு ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு, மறைப்பது. "யார்ட்டயும் மூச்சு விடாத, தங்கச்சிக்கு வரன் பாக்கணும்" என்பார்கள். மருமகள் என்றால் சிலர் திருநெல்வேலி ரயிலில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே மருந்து விட்டுப்போகிறது. மருந்தை விட வேண்டிய அவசியமே இல்லை. அரசின் டி.பி. பதிவேடான நிக்ஷயின் பதிவு எண் இருந்தால் சிகிச்சையை ஊர் மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அடுக்குமாடியில் இருக்கிற நம்மவர்கள் இன்னும் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். தாராவிச் சந்தில் நோய் எல்லாருக்கும் தெரிந்துவிடும், அது வலிக்கும், ஆனால் கஞ்சி கொண்டுவர ஒரு பெரியம்மாவும் வருவாள். ஃபிளாட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் வருவதும் இல்லை. இரண்டில் அதிகம் வதைப்பது இந்தத் தனிமைதான் என்பது என் எண்ணம்.

வருமானக் கவலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவர், நோய் வெளியே தெரிந்தால் வாடிக்கையை இழப்பார். அரசு தரும் சத்துணவுப் பணம் 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ஆகியிருக்கிறது. அது முட்டைக்கும் பாலுக்கும், வாடகைக்குக் காணாது.

நோயோடு சேர்ந்து வரும் மனச்சோர்வைத் தணிக்க வழி இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு, சர்க்கரை நோயில். சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினத்தில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2020-இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரை, டாக்டருக்கு உதவியாக ஒரு பணியாளர் தொடர்ந்து விசாரித்து வந்தார். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களைவிட அதிகம் பேருக்கு மனமும் தேறியது, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து இறங்கியது. டி.பி. மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறவரிடமும் இதே விசாரிப்பு அவருடைய தமிழிலேயே நடக்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி.க்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்த புதிய முறையில் சைக்ளோசெரினும் இல்லை, ஊசியும் இல்லை. தகுதியானவர்களுக்கு வைத்தியம் ஆறு மாதத்தில் முடியும். ஆனால் அந்த ஆறு மாதத்திலும் டம்ளரும் ரகசியமும் வீட்டில் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், ராத்திரி தூங்கினாயா, மனசில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். சாகிற எண்ணம் வருகிறது என்று சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாற்றித் தர டாக்டரால் முடியும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.