தையல் தெரிந்தவர் பேரம் பேசலாமா?

விலை கேட்பதும், கேட்ட விலையைக் குறைத்துப் பேசுவதும் நமது சந்தை வாழ்க்கையில் ஊறிப்போன வழக்கம். மீன் வாங்கும்போது பேசுகிறோம். மரக்கறி வாங்கும்போது பேசுகிறோம். பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவரை ஏமாளி என்கிறோம். இதில் நீதிக்கு விரோதமாக ஏதேனும் உண்டா என்று நம்மில் எவரும் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கேட்டே ஆகவேண்டிய சந்தர்ப்பங்களும் உள. அவற்றுள் ஒன்றை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

சாகாமம், திருக்கோவில், தம்பிலுவில் ஊர்களைச் சேர்ந்த பெண்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தையல் இவர்களுக்குத் தொழிலன்று, பிரியமான பொழுதுபோக்கு. வெட்டுத்துண்டுகளைச் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார்கள். மேசை விரிப்பும் தலையணை உறையும் தைப்பார்கள். சாகாமக் குளத்து நீரில் விளைந்த வேளாண்மை வெட்டி முடிந்து, வீட்டில் சற்று ஓய்வு கிடைத்த ஒரு சனிக்கிழமை, எல்லோரும் சேர்ந்து ஒரு வானை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு என்று கடலோர வீதியால் வடக்கே போய் மருதமுனையில் இறங்குகிறார்கள். கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர் அது. சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் நெய்யும் கைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே உண்டு.

கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஒருத்தி நிறத்தைப் பார்க்கிறாள். ஒருத்தி துணியைத் திருப்பி இழையைப் பார்க்கிறாள். சிரிப்பும் பகிடியுமாகப் பொழுது போகிறது. இவ்வளவும் நல்லதே. ஒத்த விருப்பமுள்ளவர்கள் கூடிப் போவதும், அழகான பொருளைக் கண்டு மகிழ்வதும் மனித வாழ்வுக்கு வேண்டிய மருந்து. பிறகு பேரம் தொடங்குகிறது.

“பத்துப் பேர் வந்திருக்கம் காக்கா, பாத்துக் குறைச்சுத் தாங்க.”

“நூல் விக்கிற விலை தெரியுந்தானே தங்கச்சி.”

“அப்ப அடுத்த கடையில பாப்பம், வாங்க பிள்ளையள்.”

கடைக்காரர் சற்று யோசிக்கிறார். காலையிலிருந்து பெரிதாக வியாபாரம் இல்லை. கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார். பெண்கள் வெற்றியோடு வானில் ஏறுகிறார்கள். வழியெல்லாம் யார் எவ்வளவு குறைத்து வாங்கினார் என்பதே பேச்சு.

வாங்கும்போது ‘கூடாது, கூடாது’ என்று பொருளைப் பழிப்பவன், வீடு திரும்பும்போது தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளும் காட்சியை நீதிமொழிகள் நூலின் இருபதாம் அதிகாரம் நமக்குக் காட்டுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய சந்தையும் நமது சந்தையும் ஒன்றுதான் போலும்!

கைத்தறியின் கணக்கு

அந்தத் துணி எப்படிப் பிறந்தது? முதலில் நூல் வேண்டும். பருத்தி நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. ரூபாயின் மதிப்பு விழுந்தால் அவற்றின் விலை ஏறும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இதை நாடே அனுபவித்தது. நூலுக்குச் சாயம் தோய்க்க வேண்டும், காயவிட வேண்டும், சுற்ற வேண்டும். பாவு ஓட்டி, ஒவ்வோர் இழையாக அச்சில் கோக்க வேண்டும். ஊடைநூலைச் சிறு குழல்களில் சுற்றித் தரும் வேலையைப் பல வீடுகளில் பெண்களும் முதியவர்களும் செய்கிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் நெசவாளி தறியில் அமர்கிறார். கால் மிதிக்க, கை இழுக்க, இழைமேல் இழையாகத் துணி வளர்கிறது. ஓர் இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சிட வேண்டும்.

இந்த உழைப்பின்மேல் காலமும் பல அடிகளைப் போட்டிருக்கிறது. 1977ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தபோது, இயந்திரத்தில் நெய்த மலிவுத் துணி சந்தையை நிறைத்தது. யுத்தம் வீதிகளை மூடியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தின் உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோனது. இவ்வளவுக்கும் பின்னர் ஒரு தறி இன்னும் ஓடுகிறதென்றால் அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பிடிவாதம் இருக்கிறது.

இதை எல்லோரும் அறியமாட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடைக்குத் துணி தேடும் ஓர் ஏழைத் தாய் அறியாமல் இருக்கலாம். அவள் சல்லி சல்லியாகக் குறைத்துக் கேட்பதை எவரும் குறைகூற முடியாது. அவளை இல்லாமை பேச வைக்கிறது. ஆனால் நமது பத்துப் பெண்கள் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தே இது கைத்தறியா, விசைத்தறியா என்று சொல்லிவிடுவார்கள். ஒரு போர்வைக்குத் தாங்கள் எத்தனை இரவு கண்விழித்தார்கள் என்பதும் அவர்களுக்கு நினைவிருக்கும். அதை ஒருவர் வந்து அற்ப விலைக்குக் கேட்டால் எவ்வளவு கோபம் வரும் என்பதும் தெரியும். ஆகவே கேள்வி இதுதான்: பொருளின் அருமை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கடமை ஒன்றேதானா?

புனித அகுஸ்தினார் கண்ட மனிதர்

புனித அகுஸ்தினார், திரித்துவம் பற்றிய தமது பெருநூலில் ஒரு வேடிக்கைக் கதையை எடுத்தாளுகிறார். ஒரு கோமாளி நடிகன், ‘அடுத்த ஆட்டத்தில் உங்கள் எல்லோருடைய மனத்திலும் இருப்பதைச் சொல்வேன்’ என்று அறிவித்தானாம். கூட்டம் திரண்டது. மலிவாக வாங்கவும் அதிகமாக விற்கவும் எல்லோரும் ஆசைப்படுகிறீர்கள் என்பதே அவன் சொன்ன இரகசியம். சபை கைதட்டி ஆமோதித்தது.

அகுஸ்தினார் கைதட்டவில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் ஒரு குறை குணமாகிவிடாது என்கிறார். தாம் அறிந்த ஒரு மனிதரைச் சாட்சிக்கு அழைக்கிறார். அவரிடம் ஒருவன் ஒரு நூலை விற்க வந்தான். அதன் மதிப்பு விற்பவனுக்குத் தெரியாது. மிகச் சிறிய தொகையைக் கேட்டான். வாங்கியவரோ, அவன் எதிர்பாராத வகையில், நூலுக்கு உரிய நியாயமான பெருந்தொகையைக் கொடுத்து வாங்கினாராம்.

கவனியுங்கள். அந்த நூலின் மதிப்பை அறியாத ஒருவர் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அவரை யார் குறைசொல்வார்? மதிப்பை அறிந்தபடியால்தான் அந்த மனிதருக்குக் கடன் ஏற்பட்டது. அறிவு அவருக்கு ஆயுதமாகவில்லை, பொறுப்பாகியது. தையல் தெரிந்தவருக்கும் இதுவே அளவுகோல்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இதே கதையைத் தமது நூலில் எடுத்துக்கொண்டு, கொடுக்கல் வாங்கலின் நீதியை ஒழுங்காக வகுத்தார். மதிப்புக்கு மேலே விற்பது அநீதியென்றால், மதிப்புக்குக் கீழே வாங்குவதும் அநீதியே என்பது அவர் கருத்து. அதேவேளை, நியாய விலை என்பது நூல்பிடித்துக் குறிக்கக்கூடிய புள்ளியன்று, ஒரு மதிப்பீடுதான். சிறிதளவு கூடினாலும் குறைந்தாலும் நீதி குலைந்துவிடாது என்றும் விளக்கினார். ஆகவே கடையில் வாய் திறக்கவே கூடாது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கடைக்காரர் கூட்டிச் சொன்னால் குறைத்துக் கேட்கலாம். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்றால் அது மோசடி, தட்டிக் கேட்கலாம். நியாயம் இருபக்கமும் கட்டும் கயிறு.

“அவரே சம்மதித்துத்தானே தந்தார்?”

இப்படி ஒரு மறுப்பு எழும். கழுத்தைப் பிடித்தா வாங்கினோம்? விரும்பித்தானே கொடுத்தார்?

பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு தொழிலாளர் நிலைபற்றி எழுதிய சுற்றுமடலில் கூலியைப் பற்றி இதே கேள்வியை எடுத்தார். வேறு வழியின்மையால் ஒரு தொழிலாளி குறைந்த கூலிக்குச் சம்மதித்தால், அது சுதந்திரமான சம்மதமன்று. அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் உள்ளானவனே என்று தீர்ப்பளித்தார். விலைக்கும் இது பொருந்தும். அன்று மாலைக்குள் நூற்கடன் கட்டவேண்டிய ஒருவரின் ‘சரி’ என்ற சொல்லை வைத்து நமது மனச்சாட்சியை மூடிவிட முடியாது.

1981ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலில், வேலையின் மேன்மை அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதிலேயே தங்கியிருக்கிறது என்று கற்பித்தார். துணியை மட்டும் பார்ப்பவருக்கு முழக்கணக்கு. துணிக்குப் பின்னால் ஆளைப் பார்ப்பவருக்கு நாட்கணக்கு.

பத்துப் பேரின் பலம்

தனியே போனால் கேட்கத் துணியாத விலையைக் கூட்டமாகப் போனால் கேட்கிறோம். கூட்டுப் பலம் தன்னில் தீயதன்று. பத்துப் போர்வைக்குத் துணி ஒரே நாளில் விற்பதால் கடைக்காரருக்கும் ஆதாயம் உண்டு. அதில் ஒரு பங்கை அவர் மனமொத்து விட்டுக்கொடுத்தால் அது முறையானதே. ஆனால் பத்துப் பேரும் எழுந்து போய்விடுவோம் என்று அச்சங்காட்டிப் பெறும் கழிவு வேறு.

1966ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வறிய கறுப்பினப் பெண்கள் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்து விற்க ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். வீதியோர வீடொன்றின் கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு அவற்றின் அருமையை உணர்ந்த பிரான்சிஸ் வால்ட்டர் என்ற எப்பிஸ்கோப்பல் சபைக் குரு அதற்குத் துணைநின்றார். போர்வைகள் நியூயோர்க் நகரத்தில் ஏலத்தில் விற்கப்பட்டன. அங்கே எளியவர்கள் தங்கள் உழைப்புக்கு உரிய விலையைப் பெறுவதற்காகக் கூடினார்கள். வசதியுள்ளவர்கள் எளியவரின் விலையைக் குறைப்பதற்காகக் கூடும்போது, அதே கூட்டுப் பலம் தலைகீழாகிறது. பலம் யாருக்காக, யார்மீது என்று கேட்டால் நீதி எப்பக்கம் என்பது விளங்கும்.

நம்மவரும் மற்றவரும்

கல்முனைக் கரையில் இக்கேள்விக்கு இன்னொரு முகமும் உண்டு. வாங்குபவர் தமிழர்; விற்பவர் முஸ்லிம். 1985இலும் 1990இலும் இப்பகுதியில் நிகழ்ந்தவை இருபக்கத்திலும் ஆறாத வடுக்களை விட்டுச்சென்றன. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தினத்தில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டுகள் வெடித்தபின், முஸ்லிம்களின் கடைகளில் வாங்காதீர் என்ற குரல்கள் நாட்டின் பல பாகங்களில் எழுந்தன. அந்நாளில் நமது மக்கள் பட்ட துயரம் அளவிட முடியாதது. ஆயினும் தறியில் அமர்ந்திருந்த நெசவாளி எந்தக் குண்டையும் வைக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு அவரிடம் அபராதம் அறவிட நமக்கு உரிமை இல்லை. கடையைப் புறக்கணிப்பது வெளிப்படையான அபராதம். ‘மற்றவன்தானே’ என்று விலையை நசுக்குவது மறைவான அபராதம்.

குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், தாம் பெறும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கிறது. இந்த நீதியில் நமக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. தாங்கள் தைத்த போர்வைக்கு நிறைந்த மதிப்பை எதிர்பார்த்து, அடுத்தவர் நெய்த துணிக்குக் குறைந்த மதிப்பைக் கொடுப்பவர் எந்த மதத்தவராயினும் இரண்டு அளவைகளை வைத்திருக்கிறார்.

அலுமாரியில் உறங்கும் துணி

“முழு விலை கொடுத்தால் விரும்பியதெல்லாம் வாங்க முடியாதே” என்பார்கள். உண்மை. ஆனால் விரும்பியதெல்லாம் வேண்டுமா? தையலில் ஆசையுள்ள எந்த வீட்டிலும் அலுமாரியைத் திறந்தால் தைக்கப்படாத துணி அடுக்கடுக்காக இருக்கும். தேவைக்கு வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விலை குறைக்கக் கேட்கலாம். ஆசைக்கு வாங்குபவருக்கு அந்த நியாயம் கிடையாது. குறைந்த விலையில் ஐந்து துண்டு வாங்கி மூன்றை மறந்துவிடுவதைக் காட்டிலும், உரிய விலையில் இரண்டு வாங்கித் தைத்து முடிப்பது துணிக்கும் மரியாதை, நெய்தவருக்கும் மரியாதை.

யோப்பா நகரத்துத் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் அழுதுகொண்டே இராயப்பரிடம் அவள் தங்களுக்குச் செய்து தந்த ஆடைகளைக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. அவள் சேமித்து வைத்த துணியை எவரும் காட்டவில்லை.

ஆகவே, இப்படியான பயணங்கள் நடக்கட்டும், அடிக்கடி நடக்கட்டும். போகிறவர்கள் முடிந்தால் தறி ஓடும் இடத்துக்கும் போய், நெய்தவர் யார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று விசாரிக்கட்டும். இடையில் நிற்பவர் அதிகம் எடுக்கிறாரென்றால் அவரிடம் பேரம் பேசட்டும். நெய்தவரின் கூலியில் கைவைக்க வேண்டாம். நியாயமான விலை சொல்லப்பட்டால் எண்ணிக் கொடுக்கட்டும். தமக்குப் பெரிதும் பயன்தரும் பொருளுக்குத் தாமாக இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பது வாங்குபவரின் கண்ணியம் என்று அக்குவினாஸ் எழுதியிருக்கிறார். அதையும் நினைவில் வைத்திருக்கட்டும்.

திரும்பும் வழியில் வானில் பேச விஷயம் வேண்டுமானால், யார் எவ்வளவு குறைத்தார் என்பதை விட்டுவிட்டு, யாருடைய தறியில் என்ன நிறம் கண்டோம் என்று பேசிக்கொண்டு வரலாம். சாகாமம் வரை அதற்கு வழி போதாது.