ஆயிரம் கொக்கும் தொண்ணூறு ஆடும்

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள். தமிழ்நாட்டின் பல பள்ளிகளில் அன்று பிள்ளைகள் காகிதக் கொக்கு மடிக்கிறார்கள். சடாகோ கொக்கு என்றே அதற்குப் பெயர் பழகிவிட்டது. மடித்ததை நூலில் கோத்து வகுப்பறை வாசலில் தொங்கவிடுவார்கள். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவரை ஈரமில்லாதவர் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் கேள்வி நியாயமானது. வெள்ளத்திலும் தீயிலும் பிறர் செத்துக் கிடக்கும்போது தாள் மடிப்பது உதவியா, அல்லது உதவாமல் இருப்பதற்கு ஒரு வழியா?

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகி என்ற சிறுமிக்கு இரண்டு வயது. பத்தாண்டு கழித்து இரத்தப் புற்றுநோய் வந்தது. ஆயிரம் கொக்கு மடித்தால் நினைத்தது நடக்கும் என்ற ஜப்பானிய நம்பிக்கையில், மருந்து சுற்றி வந்த தாளைக்கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபர் 25 அன்று, 12 வயதில், இறந்தாள். 644 கொக்கோடு அவள் கை நின்றுவிட்டது, மீதியைத் தோழிகள் முடித்தார்கள் என்பது உலகம் முழுதும் பரவிய கதை. அவள் ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்கிறார்கள் குடும்பத்தார். ஆயிரம் முடித்த பிறகும் பிழைக்கவில்லை என்பது கண்ணீருக்குத் தோதான முடிவு இல்லைபோலும், கதை சொன்னவர்கள் எண்ணைக் குறைத்துவிட்டார்கள். அவள் மடித்தது உலக அமைதிக்காக அல்ல, தான் பிழைப்பதற்காக. செத்தவர்களை நம் வசதிக்கு வெட்டித் தைப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

இன்று ஹிரோஷிமாவுக்கு ஆண்டுதோறும் சுமார் ஒரு கோடி கொக்குகள் வருகின்றன. எடை பத்து டன். சேர்த்து வைக்க இடமில்லாமல் அந்த நகராட்சி பட்ட பாடு தனிக்கதை. 2016இல் குமமோட்டோவில் நிலம் நடுங்கியபோது, கொக்கு மாலைகளை இப்போது அனுப்பாதீர்கள் என்ற குரல் ஜப்பானிலேயே எழுந்தது. படுக்க இடமும் குடிக்க நீரும் தேடுகிறவர்களிடம் அதைக் கொடுத்தால் எங்கே வைப்பார்கள்? பிறர் அன்பாயிற்றே, குப்பையில் போடவும் கை வராது.

நமக்கு இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலைபோல் குவிந்தது. கிழிந்தவையும் அழுக்கானவையும் அதில் இருந்தன. கடலில் எல்லாம் போனாலும் மானம் போகாத மீனவர்கள் அதைத் தொடவில்லை. கடைசியில் துப்புரவுத் தொழிலாளர்கள் வாரினார்கள். கொடுத்தவர்களுக்கு வீட்டு அலமாரி காலியானது, மனமும் நிறைந்தது. அந்த நிறைவுக்கான கூலியை ஊர் கொடுத்தது.

கொக்கின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பிள்ளையிடம் பணமில்லை; அதனிடம் இருப்பது நேரமும் விரலும்தான். 2011இல் ஜப்பானில் ஆழிப்பேரலை அடித்தபோது, பிள்ளைகள் மடிக்கும் ஒவ்வொரு கொக்குக்கும் 2 டாலர் தருவதாக அமெரிக்க அறக்கட்டளை ஒன்று அறிவித்தது. ஒரு லட்சம் கொக்கு எதிர்பார்த்தார்கள். 20 லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தன. பணம் மறுசீரமைப்புக்குப் போனது. நல்லதுதான். என்றாலும், பெட்டியில் இருந்த பணம் புறப்படுவதற்குக் குழந்தைகள் கொக்கு மடிக்கும்வரை ஏன் காத்திருந்தது என்ற கேள்வி தொண்டையில் நிற்கிறது.

இதைவிடக் கசப்பானது தாய்லாந்து. 2004 அக்டோபர் 25 அன்று அந்நாட்டின் தெற்கே தாக் பாய் என்ற ஊரில் போராடிய முஸ்லிம்களைப் படையினர் லாரிகளில் அடுக்கி ஏற்றினார்கள். 78 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். ஆறு வாரத்தில், டிசம்பர் 5 அன்று, அதே அரசு அந்தத் தென்மாகாணங்களின்மேல் விமானங்களிலிருந்து சுமார் 10 கோடி காகிதக் கொக்குகளைக் கொட்டியது. மடித்த குடிமக்களின் மனத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கொட்டிய கைதான் கேள்விக்குரியது. பொறுப்பேற்க வேண்டியவர் பரிவு காட்டுவது பாதிக்கப்பட்டவரை இரண்டாம் முறை அடிப்பதாகும்.

உயிர் போகக் காரணமானவருக்குச் சோழ நாட்டில் வேறு வழக்கம் இருந்தது. வேட்டையில் கை தவறி ஆளைக் கொன்றவன் கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைக்க வேண்டும் என்று தீர்ப்பான செய்திகள் கல்வெட்டுகளில் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயில் உட்பட அக்காலக் கோயில்கள் பலவற்றில் விளக்குக் கொடைகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. இடையர் அதை ஏற்று நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் சாவா மூவாப் பேராடு. விளக்கும் ஓர் அடையாளம்தான், செத்தவன் அதனால் எழுந்து வரப்போவதில்லை. ஆனால் வைத்தவனுக்கு அது செலவு வைத்தது, பொறுப்பிலும் கட்டியது. அடையாளங்களை நிறுக்க இதைவிட நல்ல தராசு கிடைக்காது.

அந்தத் தராசில் இன்னொன்றையும் வைத்துப் பார்க்கலாம். 1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே, வெள்ளம் கரையை அரித்திருந்த மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ராஜினாமாக் கடிதமும் ஒரு தாள்தான். எழுதியவர் அதற்காகத் தம் பதவியைக் கொடுத்தார் என்பதால் அதற்கு எடை உண்டு. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். அரியலூர் விபத்து என்றால் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எவரும் சாஸ்திரி பெயரைச் சொல்வார். மாண்டவர்களில் ஒருவர் பெயரும் நினைவில் இல்லை. அரியலூர் மாவட்டத்தின் பெருந்துயரம் ஓர் அமைச்சரின் நற்சான்றிதழாகச் சுருங்கிவிட்டது.

கும்பகோணத்தில் ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று, 2004 பள்ளித் தீயில் போன 94 பிள்ளைகளுக்காகப் பெற்றோர் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அதில் பயன் என்ன என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. அந்தத் துக்கம் அவர்களுடையது. மற்ற நமக்கு அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் இறங்கியதே அயலார் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்த சரியான அஞ்சலி.

ஆகவே கொக்கு மடிக்கலாம், தாராளமாக. மடிப்பவர் மனம் ஒரு மணி நேரம் பிறர் துயரத்தில் நிற்பது சிறிய காரியமில்லை. ஆனால் அது மடிப்பவருக்கான பாடம். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பொருளாகக் கணக்கில் எழுதக் கூடாது, அவர் வீட்டு வாசலில் இறக்கவும் கூடாது.

கீழப்பழுவூர் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2023 அக்டோபர் 9 அன்று இதே அரியலூர் மாவட்டத்தின் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் உட்படப் பலர் மாண்டார்கள். ஹிரோஷிமாவைச் சொல்லும் நாளில், குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, அவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கொக்குகள் பள்ளியிலேயே தொங்கட்டும். ஒன்பது நாள் கழித்து ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை கூடும். நம் எல்லைக்குள் எத்தனை வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது, யார் எப்போது வந்து சோதித்தார்கள் என்று அங்கே எழுந்து கேட்கும்படி, கொக்கு மடித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.