அறிவும் அனுமதியும்

உண்மையைத் தேடுபவனுக்கு உயிரைக் கவரும் உரிமையும் உண்டா? ஆராய்ச்சிக்காக வனவிலங்குகளைப் பிடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்னும் சட்டவிதி இவ்வினாவையே எழுப்புகின்றது.

சேகரிப்பு முற்றிலும் தீதென்று கூறுதல் பொருந்தாது. நூதனசாலைகளில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்ட மாதிரிகள் இல்லையேல், இலங்கையின் மரத்தவளையினங்கள் சில மறைந்துபோனமையை 2005இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்க இயலாது.

ஆயினும், 1900 டிசம்பரில் மெக்சிக்கோவின் குவாடலூப்பே தீவில் நிகழ்ந்ததையும் நோக்குதல் வேண்டும். ஆடு வளர்ப்போரின் வேட்டையால் முன்னரே அருகியிருந்த கரகாரா என்னும் பறவையினத்தில் 11ஐக் கண்ட சேகரிப்பாளர் ரோலோ பெக், அவற்றுள் 9ஐச் சுட்டு வீழ்த்தினார். அவை ஏராளமாக உள்ளன என்றே அவர் எண்ணினார். அவ்வினமோ அழிந்தொழிந்தது.

இங்கே கொடுமை இல்லை. தமது தேவைக்குத் தாமே நீதிபதியானமையே குறை. அரிய உயிரே ஆய்வாளனுக்கு மதிப்பு மிக்கது. எனவே, ஆபத்து மிகும் இடத்திலேதான் அவனது நடுவுநிலைமையும் தளர்கின்றது. எதற்காக, எத்தனை, வேறு வழி இல்லையா என்று பிறரொருவர் வினவவேண்டியது இதனாலேயே.

அனுமதிக்காகக் காத்திருத்தல் சுமையே. எனினும், இழந்த காலத்தை ஈடுசெய்யலாம்; இழந்த இனத்தை ஈடுசெய்தல் எவர்க்கும் இயலாது.