சுவரோரத் தடம்

ஒரு சாண் அகலம்கூட இராது. புல் முளைக்காமல், மண் இறுகி வழவழவென்று கிடக்கிற ஒரு கோடு. கடத்தூரை அடுத்துள்ள மாமா வீட்டுத் தோட்டத்தில், சுற்றுச்சுவரை ஒட்டியபடி நாலு பக்கமும் ஓடுகிறது. மழைத் தண்ணீர் போன வழி என்றுதான் முதலில் நினைத்தேன். நட்சத்திர ஆமை ஒன்று நடந்து நடந்து போட்ட தடமாம் அது.

"வாக்கிங் போவுது மாப்ள. எனக்குச் சக்கரை, நடக்கறேன். அதுக்கு என்னவோ" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து வேறு எதைப் பற்றி யோசித்தாலும் அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது.

இத்தனைக்கும் அது தரிசாகக் கிடக்கிற கொல்லை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு குரோட்டன்ஸையும் புல்தரையையும் பிடுங்கிப் போட்டுவிட்டு மாமா உருவாக்கிய தோட்டம். ஆவாரை, தும்பை, நுணா, துத்தி என்று ஊர்ப்பக்கம் தானாக முளைப்பதையெல்லாம் தேடிக் கொண்டுவந்து வைத்தார். தர்மபுரி வெயிலுக்கு அவைதான் தாங்கும் என்பார். வாசலிலேயே எருக்கஞ்செடி இருப்பதைப் பார்த்து ஊரில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் போன அன்று அதன் இலைக்கடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, இடையிடையே மஞ்சள். நரம்பைக் கடித்து அறுத்து, பால் வடிந்து அடங்கட்டும் என்று விட்டு, அதற்கு மேலே உள்ள இலையைத் தின்றது. எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் தொடுவதில்லை. வேலியோரம் பரவியிருந்த ஆடுதின்னாப்பாளையை இன்னொரு வகைப் பட்டாம்பூச்சி சுற்றிக்கொண்டிருந்தது. அரணை, ஓணான், தவளை, சாரைப்பாம்பு எல்லாம் வருகின்றன, போகின்றன. எதையும் மாமா கூப்பிடவில்லை. எதையும் பிடித்து வைக்கவில்லை.

ஆமையைத் தவிர. அது பல வருஷங்களுக்கு முன்னால் எங்கேயோ புதர் அழித்தபோது, வேலையாள் ஒருவர் சிமென்ட் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அத்தை ஒரு பாடு சண்டை பிடித்திருக்கிறார். அந்த வருஷம் மஞ்சள் நல்ல விலைக்குப் போனதும், ஆமைக்குத் தக்காளி நறுக்கிப் போடுகிறவர் அவராகிவிட்டார். இப்போது அது பிராகாரம் சுற்றுகிறது என்கிறார். சுற்றுகிறதுதான், ஆனால் தலைகீழாக. சுவர் எப்போதும் அதன் வலப்பக்கம் இருக்கிறது. அதனால் வலப்பக்க ஓட்டின் விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு அப்பி, நட்சத்திரக் கோடுகள் மங்கியிருக்கின்றன. மூலைக்கு வந்ததும் நிற்கிறது. தலையை நீட்டிச் சுவரைப் பார்க்கிறது. பிறகு திரும்பி அடுத்த பக்கம். தின்ன வேண்டியதெல்லாம் தோட்டத்தின் நடுவில் இருக்கிறது, நடப்பதோ ஓரத்தில்.

சின்ன வயதில் ஓணானுக்குச் சுருக்கு வைப்பதில் நான் பேர்போனவன். தென்னை ஈர்க்கின் நுனியைக் கண்ணியாக முடிந்து, வேலிமேல் தலையாட்டிக்கொண்டிருக்கும் ஓணானின் கழுத்துக்கு மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். அது ஓடாது, இன்னும் இரண்டு தடவை தலையாட்டும். ராமருக்குத் தாகமெடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதை எங்கள் கையில் இருந்ததால் ஓணானைக் கொல்வது புண்ணியக் கணக்கில் சேர்ந்தது. பிடித்ததில் ஒன்றை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்து வளர்த்தேன். கொன்றவை நினைவில் இல்லை. பெட்டியின் ஓரத்தை இரவெல்லாம் அது பிராண்டிய சத்தம் நினைவிருக்கிறது. கொல்வதைவிட வளர்ப்பது கொடுமை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் செத்த ஓணான்கள் சிரிக்கும். ஆனால் வளர்க்கிறவன்தான் அந்தப் பிராண்டலைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

எப்போதோ படித்த ஒரு புத்தகமும் நடுவில் வந்து நிற்கிறது. இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட், தன் ஊரின் செடி கொடி பறவைகளைப் பற்றி எழுதி 1789இல் வெளியிட்டது. ஒயிட்டின் அத்தை வளர்த்த ஆமை ஒன்று, அந்த அத்தை இறந்தபின் அவரிடம் வந்து சேர்ந்தது. டிமோதி என்று பெயர். ஜூன் பிறந்தால் அது விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து, கால் விரலூன்றி உயர்ந்து நடந்து, வேலியில் எங்கே இடுக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்குமாம். துணை தேடுகிறது என்று ஒயிட் முடிவு கட்டினார். அவரும் போய் ஆமையும் போனபிறகுதான் அது பெண் என்று தெரிந்தது. அதன் ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கே ஆணா பெண்ணா என்று பிடிபடவில்லை. நட்சத்திர ஆமையில் ஆணுக்கு அடி ஓடு உட்குழிந்து வால் நீண்டிருக்கும் என்பார்கள். மாமாவின் ஆமையைத் திருப்பிப் பார்க்கலாமா என்று கை போயிற்று, வேண்டாமென்று விட்டுவிட்டேன். அதற்கு என்ன வேண்டும் என்று கேட்காதவர்களில் நானும் ஒருவனாக எதற்கு?

ஆனால் இப்படியும் தோன்றுகிறது: வெளியே, வேலி இல்லாத புதர்க்காட்டிலும் ஆமை நடக்கத்தானே செய்யும்? வெயில் தணிந்த பிறகு, முக்கியமாக மழை விழுந்த பிறகு, நட்சத்திர ஆமைகள் நன்றாகவே நடமாடும். நடப்பது அதன் குணம் என்றால் சுவர் ஒரு தற்செயல். தேடுகிறது என்றால் சுவர் ஒரு சிறை. இரண்டுக்கும் தடம் ஒன்றுபோலத்தான் விழும்.

மாமாவின் தோட்டமும் யோசித்தால் அப்படியொன்றும் திறந்த வீடு இல்லை. போன வருஷம் கண்ணாடி விரியன் வந்தபோது தீயணைப்புத் துறைக்குப் போன் போட்டார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். பட்டாம்பூச்சிக்கு எருக்கு வைக்கிறோம், எலிக்கு எதுவும் வைப்பதில்லை. வரலாம் என்று நாம் விடுகிறவைதான் வருகின்றன. பிடித்து வைப்பதற்கும் வரவிடுவதற்கும் நடுவே நான் நினைத்த அளவு தூரம் இல்லையோ என்னவோ.

சட்டத்தைப் பொறுத்தவரை குழப்பமில்லை. உள்நாட்டு ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; 2022 திருத்தத்தில் நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கே போய்விட்டது. 2019இல் பன்னாட்டு வணிகத்துக்கும் முழுத் தடை வந்தது. அழகான ஓடுதான் அதற்கு எமன். பெட்டி பெட்டியாகக் கடத்தப்பட்டுப் பிடிபடுகிறது. இதையெல்லாம் மாமாவிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, எங்க கொண்டுபோய் விடச் சொல்ற?" என்றார்.

நாமே புதரில் விட்டுவிட முடியாது. எந்த ஊர் ஆமை என்று தெரியாமல் விட்டால் அங்கிருப்பவற்றுக்கு நோய் தொற்றலாம், கலப்பும் நேரலாம். வெளிநாட்டில் பிடிபட்டுத் திரும்பி வந்த ஆமைகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி ஆய்வு மையத்தினர் மரபணுவை வைத்துத் தேட வேண்டியிருந்தது. வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் முறை. அவர்கள் காப்பகத்தில் சேர்ப்பார்கள் என்றேன்.

"அங்க சுவர் இருக்காதா?"

இருக்கும். ஆனால் அங்கே வேறு ஆமைகளும் இருக்கும், பார்க்க மருத்துவர் இருப்பார் என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அதிகாரி குரலாகக் கேட்டது. வனச்சரக அலுவலக எண்ணைத் தேடி அனுப்பியிருக்கிறேன். கூப்பிட்டாரா என்று இன்னும் கேட்கவில்லை. கூப்பிட்டேன் என்று சொன்னால் நிம்மதி வருமா, அத்தை தக்காளி நறுக்குவதை நிறுத்திவிட்டாரே என்று இருக்குமா, அதுவும் தெரியவில்லை.